கசுங்குலா வரிசை

மேசையில் விரித்த வரைபடத்தில், டுண்டுமா எல்லையிலிருந்து துசாஜிக்வே விரலை நகர்த்தினாள்.

"இங்க முத்திரை குத்திக்கிட்டு நடந்தே சாம்பியாவுக்குள்ள போயிடலாம். அப்புறம் பஸ்ஸு. லுசாகாவுல ஒரு ராத்திரி தங்கினா மறுநாள் அருவி. சரிதானே, லூசாஜோ அப்பா?"

அம்பாகிஸ்யே தலையாட்டினார். இருபத்தாறு வருடம் லாரி ஓட்டிய பாதை அது. அந்த அருவியை மட்டும் பார்த்ததே இல்லை, பார்த்தால் உன்னோடுதான் என்று மனைவியிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற்றதும் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"மழைக்கோட்டு ரெண்டு எடுத்துக்கோ. பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில சுத்திடு. சாரல் கீழேயிருந்து மேல அடிக்கும், தொப்பலா நனைஞ்சிடுவோம்."

விரல் நின்றது. "கீழேயிருந்து மேலயா? உங்களுக்கு யாரு சொன்னா?"

டிரைவர்கள் சொன்னார்கள் என்றிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. இருபத்திரண்டு வருடப் பொய்க்கு இன்னொன்றைத் துணைக்கு அனுப்ப அவருக்குத் தெம்பில்லை.

"ஒரு தடவை பார்த்திருக்கேன். கசுங்குலாவுல, ஆத்தைத் தாண்ட வரிசையில நின்னப்ப."

எந்தத் தடவை என்று அவள் கேட்கவில்லை. எட்டு மாதக் குழந்தை லூசாஜோவுக்குக் காய்ச்சல் முற்றி, உடனே வரச்சொல்லி அவள் தகவல் அனுப்பிய தடவை. தகவல் வந்தபோது லாரி பூட்டிக் கிடந்தது. மறுநாள் மாலைதான் அவர் அருவியிலிருந்து லாரிக்குத் திரும்பினார். சொந்த ஊரான ம்பேயா வந்து சேர்ந்தபோது, முந்தின நாள் குழந்தையை மூடிய மண் ஈரமாகவே இருந்தது. தகவல் தாமதம் என்றார். அவள் எல்லையைத் திட்டினாள், ஆற்றைக் கடத்திவிடும் படகைத் திட்டினாள். அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஒரு நாளு," என்றாள் இப்போது. "அவன் மொகத்தையாவது பார்த்திருப்பீங்க."

"பொம்பளை சகவாசம், குடின்னு ஒண்ணும் இல்ல துசா. வரிசை நகரவே இல்ல. சும்மா பார்த்துட்டு வரலாம்னு போனேன். அதைத்தான் சொல்ல வாய் வரல."

வரைபடத்தைப் பார்த்தபடியே கேட்டாள்: "தண்ணி நிறைய இருந்துச்சா?"

"நிறைய."

அவள் எழுந்து முற்றத்துக்குப் போனாள். பாயில் காயப்போட்டிருந்த பீன்ஸை, வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே, இரு கைகளாலும் வாரிக் குவிக்கத் தொடங்கினாள். அவரும் போய்ப் பாயின் மறுகோடியில் குந்தி, தன் பக்கத்திலிருந்து தள்ளிக் கொடுத்தார். அவள் நிமிரவில்லை. போகச் சொல்லவும் இல்லை.