தையல் கடையின் கூரையில் இரண்டு பாதங்கள்

குடிநீர் அலுவலகத்தில் புகார் போன் எடுப்பவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கட்டிலை விட்டு இறங்கியபோது முட்டிவரை தரைக்குள் போனாள். வீடு முதல் மாடி. கீழே கடை வைத்திருந்த தையல்காரர், கூரையிலிருந்து தொங்கிய இரண்டு பாதங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, மேலே வந்து அவள் கணவனிடம் விஷயத்தைச் சொன்னார். அதற்கு முன்பே பல மாதங்களாக அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, தலை வாருவதுகூடப் பெரும்பாடாக இருந்தது. கணவன் பிளம்பர். தரையைத் தட்டிப் பார்த்தான். சிமெண்டில் ஒரு விரிசலும் இல்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் வந்துவிடுவாள், நிற்க வைத்தால் மறுபடி இறங்குவாள்.

டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார், லீவு போடச் சொன்னார். வீட்டில் இருந்த நாட்களில் இறங்கும் வேகம் குறைந்தது. அலுவலகம்தான் விடவில்லை. "சும்மா படுத்திருந்தா மனசு இன்னும் கெடும்மா, சீட்டுல வந்து உக்காந்தா எல்லாம் சரியாயிடும்" என்றார் மேலாளர். நம்பிப் போனாள். போன் அடிக்க அடிக்க, திட்டு வாங்க வாங்க, மதியத்துக்குள் நாற்காலியைத் தாண்டித் தரைக்குள் இடுப்புவரை போய்விட்டாள். யாரும் தடுக்கி விழாமலிருக்க சுற்றிக் குப்பைக்கூடைகளை வைத்தார்கள்.

தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மறுபடி இடுப்புவரை இறங்கினாள்; இந்த முறை தூக்கினாலும் வரவில்லை. இடுப்புக்கு மேல் ஹாலில் இருந்தாள், கீழே தையல் கடையில். மேலே அசையாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் கால்கள் கீழே ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. உதறின, ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டன, காற்றை மிதித்தன. இன்னும் கொஞ்சம் இறங்கினால் தலையும் போய்விடுமே என்று கணவன் வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே கிடந்தான்.

தையல்காரருக்கு மூட்டுவலி. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், யூனிஃபார்ம் குவிந்து கிடந்தது. மிஷினை இரண்டு மேஜைமேல் ஏற்றி, மிதியை அவள் பாதங்களுக்கு அடியில் கொண்டுவந்தார். உயரமான ஸ்டூலில் ஏறிக் கத்தினார்: "அம்மா, சும்மா உதைக்கிற காலு, இதை உதைக்கட்டுமா?" மிதி ஆடியது.

சில நாள் கால்கள் ஓடின, சில நாள் தொங்கின. தொங்கிய நாளில் அவர் பொத்தான் தைத்துக்கொண்டு தன்பாட்டில் இருந்தார். ஒருநாள் மேலிருந்து குரல் வந்தது: "என்ன தைக்கிறீங்க?" கணவன் ஒரு சட்டையை எடுத்துவந்து காட்டினான். புரட்டிப் பார்த்தாள். "காலர் கோணலா இருக்கே! இதை எந்தப் பிள்ளை போடும்? பிரிக்கச் சொல்லுங்க." அவளுக்குக் கோபம் வந்து அரை வருஷமாகியிருந்தது. கணவன் படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகுதான் சட்டையைக் கீழே கொண்டுபோனான்.

மழைக்காலத்தில் மிதி எட்டாத அளவுக்கு மேலே வந்துவிட்டாள்; தையல்காரர் மூன்றாவது மேஜை போட்டார். அப்புறம் படியிறங்கி வந்தே மிதித்தாள். தையல்தான் தூக்கிவிட்டது என்றார் அவர். மாத்திரை என்றார் டாக்டர். கணவன் இருவருக்கும் ஆமாம் போட்டான்.

அடுத்த வருஷம் அலுவலகத்துக்குப் போய், போன் எடுக்க மாட்டேன், அரைநாள்தான் வருவேன் என்று அடம்பிடித்தாள். தெருத்தெருவாகக் குழாய்க் கசிவு பார்க்கும் வேலை கொடுத்தார்கள். முழுக்கச் சரியாகிவிட்டதாக அவளும் சொல்வதில்லை. மனசு கனத்த காலைகளில் பஸ்ஸில் உட்கார்ந்தால் பாதங்கள் தளத்தைத் தாண்டி ரோட்டுக்கு மேலே தொங்கும். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "அக்கா, காலைத் தூக்கிக்குங்க, ஸ்பீடு பிரேக்கர் வருது" என்பார். அவள் தூக்கிக்கொள்வாள்.