அமா டாச்சிவாவின் பசை

குமாசியில் லாரி முதலாளி அம்போன்சாவின் சாவுச் சடங்கு நடந்த சனிக்கிழமை, ஊரே கறுப்பும் சிவப்பும் உடுத்திப் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, அவருடைய உருவப்படத்தில் ஒட்டியிருந்த கென்ட்டே என்னும் பலநிற நெசவுத் துண்டு படத்தை விட்டு இறங்கி, தெருவைக் கடந்து, அதை வாடகைக்குக் கொடுத்த கடைக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவில் ஒரு ட்ரோட்ரோ வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. வாடகைத் துணியின் ஓரத்தை வீட்டார் படத்துக்காகக் கமுக்கமாகக் கத்தரித்துக் கொடுத்திருந்தார்கள். கத்தரித்த இடத்திலேயே அது போய்ப் பொருந்திக்கொண்டது. படத்தில் அம்போன்சா பனியனோடு நின்றார். காலமெல்லாம் அவர் அப்படித்தான் நின்றிருந்தார் என்பதால், விதவைக்கு அப்போதுதான் நெஞ்சு வெடித்து அழுகை வந்தது. துணி எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. அம்போன்சாவின் தங்கை நேராக ஓவியக்காரியிடம் போய், "என்ன பசைம்மா போடுற நீ? சடங்கு முடியிற வரைக்கும்கூடத் தாங்கலையே!" என்று சண்டை பிடித்தாள்.

ஓவியக்காரி அமா டாச்சிவாவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. லாரி பட்டறைகளுக்குப் பின்னால் ஓர் அறையில் வேலை செய்தாள். முதலில் ஆளைக் கண்ணால் கண்டபடி கரியிலும் மையிலும் வரைந்துகொள்வாள். பிறகு துணித்துண்டு, சோடா மூடி, பழைய பயணச்சீட்டு, சோள மட்டை என்று அவரவர் ஆசைப்பட்டதையெல்லாம் மேலே ஒட்டுவாள். பசை அவளே மரவள்ளி மாவில் காய்ச்சியது. அந்தப் பசையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்தப் பருவம் முழுக்க அவள் படங்களிலிருந்து ஏதாவது ஒன்று கிளம்பி அதற்கு உரியவர் வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வார்டு உறுப்பினரின் தலைமுடி, டோப்பா கடைக்குப் போனது. ஒரு தலைமையாசிரியையின் கழுத்து மடிப்புகள், ஊரே மெச்சும் அந்த அழகான மடிப்புகள், மீன் விற்கும் அவளுடைய நாத்தனாரிடம் போய்ச் சேர்ந்தன. பெரிய சபை நடத்தும் தீர்க்கதரிசி அம்போஃபோவின் சிரிப்பு, காணிக்கை நேரத்தில் சபையில் மாட்டிய படத்திலிருந்து எல்லார் தலைக்கும் மேலே பறந்துபோய், பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த இளைய போதகர் போவாச்சேயின் முகத்தில் உட்கார்ந்தது.

"என் சிரிப்பத் திருடிட்டியேடா!"

"ஐயா, நான் ஊழியத்துக்கு வந்த நாள்லேர்ந்து இப்படித்தான் சிரிக்கிறேன். நீங்கதான் ஒருநாள் உத்துப் பார்த்துட்டுப் போனீங்க."

அமாவுக்கு இதெல்லாம் உள்ளூரக் குஷியாக இருந்தது. வானொலிக்காரர்களிடம், தன் படங்கள் பொய் பேசாது என்று தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். அக்ராவிலிருந்து லாம்ப்டே என்ற கலைக்கூடக்காரர் வந்து, வழுக்கையும் பனியனும் வாயில்லாத முகமுமாக நின்ற படங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்மையின் அழகியல்" என்றார். அதற்கு என்ன பொருள் என்று அவரும் சொல்லவில்லை, கேட்கிற துணிச்சலும் யாருக்கும் வரவில்லை. கண்காட்சியின் நடுச்சுவருக்கு அவளுடைய சொந்த முகத்தையே செய்து தரச் சொன்னார். அமா இத்தனை வருஷத்தில் செய்யாத ஒரே முகம் அதுதான். பழைய படங்களுக்கு எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தவளுக்கு, இன்னது என்று சொல்லத் தெரியாத ஒரு பயம் முதன்முதலாக வந்தது.

படத்தை முடித்துக் கையைக் கழுவுவதற்குள் தலைத்துணியின் முடிச்சு அவிழ்ந்து, அவளுடைய பெரியம்மா மகள் வீட்டுப் பக்கம் போனது. நீலமும் காவியும் சாயக்காரி மான்சாவின் தொட்டிக்குப் போயின. கடைசியில் மையில் வரைந்த புருவங்களும் கிளம்பிவிட்டன. ஓவியத்தில் அவள் பேர்போனதே அந்தப் புருவக் கோட்டினால்தான். வெளிநாட்டுப் பசை வாங்கி மறுபடி செய்து பார்த்தாள். தச்சனிடம் ஆணி இரவல் வாங்கி அடித்தாள். ஆணிகளும் தச்சனிடமே திரும்பிப் போயின. பலகையில் பசை மட்டும் மிஞ்சியது. எல்லாரையும் உரித்துக் காட்டியவளுக்கு, ஊர் பார்க்க வெறும் பலகையாகத் தொங்க வேண்டுமே என்று நெஞ்சு பதறியது.

புருவங்களைத் துரத்திக்கொண்டு போனாள். சலூன்களுக்கு விளம்பரப் பலகையில் தலை வரைந்து கொடுக்கும் யாவ் டொன்கோரின் கடையில், பலகை மேல் அவை ஏறி உட்கார்ந்திருந்தன.

"வந்துட்டியா? காலைலேர்ந்து வர்றவனயெல்லாம் முறைக்குது, தூக்கிட்டுப் போ."

"கிண்டல் பண்ணாதண்ணே. அது என்னோடது."

"உன்னோடதா? பள்ளிக்கூடம் போறப்ப தினம் இங்க நின்னு என் கையவே பார்த்துட்டிருந்தது யாரு? உனக்குத் தெரியணும்னு மெதுவா வேற இழுத்துக் காட்டினேன்."

"அப்ப நீ குடுத்ததுதானே? அப்புறம் ஏன் உன்கிட்ட வருது?"

"குடுத்தேன். ஒரு சேனைக்கிழங்கு குடுத்தாக்கூட மறுநாள் காலைல வீடு தேடி வந்து நன்றி சொல்லிட்டுப் போற ஊரு இது. நீ வந்தியா? வானொலில மட்டும் பேசத் தெரியுது."

அமா வீட்டுக்கு வந்தாள். முதலில் கோபம்தான் வந்தது. அவமானம் பிறகு வந்தது, வந்தது போகவில்லை. மறுநாள் விடியலில் குளித்து, நல்ல துணி சுற்றிக்கொண்டு, யாவ் வீட்டு வாசலில் நின்று, நேற்று வாங்கிக்கொண்டதற்கு வருகிறவளைப் போலவே நன்றி சொன்னாள். அவள் முடிப்பதற்குள் யாவ் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, இருந்து சாப்பிட்டுப் போ" என்றார். திரும்பும்போது புருவங்கள் கோழிக்குஞ்சுகளைப் போல அவள் பின்னாலேயே வந்தன. அந்த வாரக் காலைகளையெல்லாம் அவள் பிறர் வாசலில்தான் கழித்தாள். முடிச்சு வந்தது, நீலம் வந்தது, தச்சனின் ஆணிகூட ஒன்று வந்தது.

கண்காட்சியில் அவள் முகம் முழுசாகத் தொங்கியது. லாம்ப்டேவுக்கு முகம் விழுந்துவிட்டது. "எதுவும் விழலையே?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, அதைக் கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டினார். அங்கேதான் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

செய்தி கேள்விப்பட்டுத் தீர்க்கதரிசி அம்போஃபோ அவளிடம் காரில் வந்தார். "எனக்கும் அந்தப் புதுப் பசையப் போடும்மா."

"பழைய பசைதான் ஐயா. நீங்க காலைல சீக்கிரம் எந்திரிச்சு போவாச்சே வீட்டுக்குப் போங்க, போதும்."

அன்றிலிருந்து தினமும் விடியலில் தீர்க்கதரிசியின் வீட்டில் கார் கிளம்புகிற சத்தம் கேட்கிறது. அது வாசல் கேட் வரை வந்து, சற்று நின்று, அப்படியே பின்னோக்கி உள்ளே போகிறது. வாயில்லாத படம் சபையில் இன்னும் தொங்குகிறது. சிரிக்க வேண்டிய இடம் வரும்போது மட்டும் சபையார் பின்பக்கம், போவாச்சே நாற்காலி அடுக்கும் மூலைக்குத் திரும்பிக்கொள்கிறார்கள்.