சொல்லாமல் விட்ட திருப்பம்

விமானத்தில் ஒரு மணி நேரம். சாலையில் ஒரு பகல். அப்பா இறந்த நகரத்துக்கும் அவருடைய வீடு இருக்கும் நகரத்துக்கும் இடையே அவ்வளவுதான் தூரம்.

"ஃப்ளைட்ல ஏத்த பெட்டி, சர்டிபிகேட்டு, அனுமதின்னு நாளைக்கு ஆயிடும். நான் முன்னாடி போய் வீட்டத் திறந்து வைக்கிறேன். நீ அப்பாவ ஏத்திக்கிட்டு வண்டில வா," என்றான் அண்ணன்.

சிகிச்சைக்கென்று அவரை என் ஊருக்குக் கூட்டி வந்தவன் அவன்தான். படிப்பைப் பாதியில் விட்டதிலிருந்து அப்பா என்னோடு பேசியதில்லை. நானும்தான். மருத்துவமனைக்கு அடுத்த தெருவில் என் அறை. அவர் அங்கே காலெடுத்து வைத்ததில்லை.

சவ வண்டி ஓட்டுநர் கிளம்பும்போதே சொல்லிவிட்டார். "ஒவ்வொரு திருப்பத்துலயும் அவருக்குக் குரல் குடுக்கணும் தம்பி. இல்லன்னா உடம்பு திரும்பும், ஆளு நேராப் போயிடுவாரு. நான் சொன்னா கேக்காது. பெத்த புள்ள சொல்லணும்."

"இடது," என்றேன் முதல் திருப்பத்தில்.

"ஆட்டோக்காரனுக்கா வழி சொல்றீங்க? அப்பான்னு ஒரு வார்த்த சேத்தா வாயில இருக்குற முத்து உதிந்துடுமா?"

சேர்க்கவில்லை. பின்னால் குளிர்பெட்டி உறுமிக்கொண்டே வந்தது.

இடிந்த பாலம் ஒன்றுக்கு முன்னால் மாற்றுப்பாதைப் பலகை. அந்நேரம் பார்த்து அண்ணன் அழைத்தான்.

"சொந்தக்காரங்கல்லாம் வந்து உக்காந்தாச்சு. நீ என்னடா, உருண்டுக்கிட்டா வர்ற?"

"நீ மகராசன், பறந்துட்ட. பொணத்தோட வர்றவன் நான்."

கத்தி முடித்தபோது வண்டி வலப்புறம் திரும்பி மண்சாலையில் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லலையே," என்றார் ஓட்டுநர்.

"ஒரு திருப்பந்தானே. விடுங்க."

அவர் பக்கக் கண்ணாடியில் அந்தத் திருப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

மாலையே அடக்கம் முடிந்தது. அத்தை வீட்டுக்குள் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, "எழவு வீடு மாதிரியே இல்லடா. வாடகைக்கு விட வெச்சிருக்கிற வீடு மாதிரி இருக்கு," என்றாள். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். வெறும் நாற்காலி.

மறுநாள் காலை அண்ணன் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு தன் ஊருக்கு விமானம் ஏறினான். காலியாகத் திரும்பவிருந்த அதே சவ வண்டியில் நான் ஏறினேன்.

மண்சாலை முடிந்து பாலத்து மாற்றுப்பாதைப் பலகை வந்ததும் நிறுத்தச் சொன்னேன். வெயில். ஒருவரும் இல்லை. தொண்டையைச் செருமினேன்.

"அப்பா, நேத்து இங்க வலது பக்கம் திரும்பிட்டோம். வாங்க, ஏறுங்க."

ஓட்டுநர் கியர் போட்டார். வண்டி முனகிவிட்டுத்தான் நகர்ந்தது.

"காலி வண்டியோட கனம் எனக்குத் தெரியும் தம்பி," என்றார். "ஏறிட்டாரு. உங்க வீட்டுக்கே திருப்பவா?"

அங்கே இருப்பது பூட்டிய வீடு. சாவி ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தது.

"வேணாம். என் ரூமுக்குப் போங்க."

ஒரு திருப்பம் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். என் கட்டடத்து வாசலில் பின்கதவைத் திறந்து பிடித்தேன்.

"லிஃப்ட் ரிப்பேருப்பா. நாலு மாடி ஏறணும். கம்பியப் புடிச்சுக்குங்க."

மூன்றாம் மாடியில் சற்று நின்றேன். எனக்கொன்றும் மூச்சு வாங்கவில்லை.