நகராத வெங்காயம்

...தற்காலிக என்ற சொல்லைப் போடுவதா விடுவதா, அதைத்தான் மகன் கஜரூபன் கேட்டிருக்கிறான், அப்பாவின் மரண அறிவித்தல் ஐந்து மணிக்குள் போக வேண்டுமாம், ஹோர்சன்ஸ் ஆஸ்பத்திரியில் கணவர் மாமாங்கத்தின் மூக்குக்கண்ணாடியும் ஸ்வெட்டரும் இருந்த பையை வாங்கிக்கொண்டு வைலே ரயிலில் ஏறிய மனோரஞ்சிதம் கைபேசியைத் திரும்பவும் பார்த்தாள், ‘மட்டக்களப்பைப் பிறப்பிடமாகவும் டென்மார்க் வைலேயைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட’... முப்பத்தெட்டு வருஷமாக ஒரு மனிசன் தற்காலிகமாக இருப்பானா? ஆனால் அவர் வாயால் சொன்னதுதானே, என்ட நோட்டீஸில தற்காலிகம் எண்டு போடாம விட்டிராதீங்க என்று, ஒவ்வொரு செத்தவீட்டுக்கும் போய்வந்து சொல்வார், சொன்ன கையோடு அடுத்த வருஷம் ஊருக்குப் போயிருவம் என்பார், அந்த அடுத்த வருஷம் வந்த பாடில்லை.

நூலகத்துப் படப் புத்தகங்களை இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பார்ப்பார், ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்தால் குசினி மேசையில் உலகம் முழுவதையும் பரப்பிவிடுவார், வெங்காயம் பூமி, ஆரஞ்சு நிறத் தோடம்பழம் சூரியன், மிளகெல்லாம் கிரகங்கள், நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி ஐரோப்பாவில் ஒருவர் தோடம்பழத்தைத் தூக்கி நடுவில் வைத்தாராம், வாள்சண்டையில் மூக்கைப் பறிகொடுத்த டென்மார்க்காரர் ஒருவருக்கு அதற்கு மனம் வரவில்லையாம், மிளகெல்லாம் தோடம்பழத்தைச் சுற்றட்டும், தோடம்பழம் அத்தனையையும் இழுத்துக்கொண்டு வெங்காயத்தைச் சுற்றட்டும், இவ்வளவு பாரமான பூமி எப்படி அசையும் என்றாராம்... “உங்களப் போலதான்,” என்று அவள் சிரித்தாள், வேலை, வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் வைலேயைச் சுற்றும், வைலே மட்டும் மட்டக்களப்பைச் சுற்றும். அவரும் சிரித்தார். பிறகு பூமியை அவள் கறிக்கு வெட்டுவாள், சூரியனுக்குப் பிள்ளைகள் தங்களுக்குள் அடிபடுவார்கள், எவ்வளவு நல்ல ஞாயிறுகள் அவை, மூன்றாம் மாடி, ஆவி படிந்த ஜன்னல், அந்த மேசைக்கு முன்னால் இன்னும் ஒருக்கா அவரோடு இருந்தால் போதும் அவளுக்கு.

போன செவ்வாய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்ட போவம் மனோ,” என்றார், அவளும் பழக்கதோஷத்தில், “ஓம், அடுத்த வருஷம் போவம்,” என்றாள், அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். குசினி ஜன்னலில் நிற்கிற கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்தினியா என்று கேட்டது அதற்கு முதலா, பிறகா? முதல்தான்... கறிவேப்பிலையைக் கேட்டார், மேசையில் தோடம்பழம் கிடக்கா என்று கேட்டார், அதற்குப் பிறகுதான் வீட்ட போவம் என்றார். அப்படியென்றால் எந்த வீடு? இருபது நிமிஷத் தூரத்தில் இருந்த வீட்டுக்கா அவள் அடுத்த வருஷம் என்று சொல்லிவிட்டாள்?

கைபேசி அதிர்ந்தது. ‘அம்மா, அனுப்பட்டா?’

பொறு மகன், என்று எழுதினாள். ரயில் வைலேக்குள் நுழைந்துகொண்டிருந்தது.