வெயிலில் பிறந்த குளிர்

ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் விநாயகமூர்த்தி வாங்கிய புதுவீட்டுக்குக் குடிபூரல். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆட்கள் சோபாவில் சாய்ந்ததும், இராஜரட்ணம் வழக்கம்போலத் தன் கதையைத் தொடங்கினார். ரொறன்ரோவுக்கு வந்த இத்தனை வருசத்தில் அந்தக் கதையைக் கேளாத வீடு குறைவு.

வளைகுடாப் பக்கம், பாலைவனத்து ஊரொன்றில், பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரிக்குச் சூரிய வெப்பத்தால் ஓடும் குளிரூட்டி பூட்டிய எஞ்சினியர் அவர். கூரை முழுக்கத் தகடுகள். வெயில் தண்ணீரைச் சூடாக்கும். அந்தச் சூட்டிலேயே இயந்திரம் ஓடி வார்டுகளைக் குளிரவைக்கும்.

"எண்ணெயில மிதக்கிற நாடு. அங்க ஒரு துளி எண்ணெய் எரிக்காமல் ஆஸ்பத்திரியைக் குளிரவைச்சம். வெளியில நெருப்பு வெயில், உள்ள பிள்ளையளுக்குக் கம்பளி! இவ அங்கதானே நேர்ஸ், கேட்டுப்பாருங்கோ."

மனைவி பேபி திரும்பிப் பார்க்கவில்லை. பேர்ணடெற்தான் பதில் சொன்னாள். அதே வார்டில் பேபியோடு வேலை செய்தவள். கனடாவுக்கு வந்து ஒரு மாதம்கூட இல்லை.

"ஓம் அண்ணை, நல்ல குளிர். ஆனால் அந்த ஜெனரேற்றர் போட்ட சத்தம்! எங்கட குவாட்டர்ஸில ஒருத்தரும் கண்ணயர ஏலாது."

"எந்த ஜெனரேற்றர்?"

"பழைய ஏசியளை ஓட்டின டீசல் ஜெனரேற்றர்தான். பேபி அக்கா, ஞாபகமில்லையே?"

பேபியின் முகம் வெளிறியது. இராஜரட்ணத்துக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார், வாய் கோணியது.

பேபியோடு வீடு திரும்புகையில், மார்க்கம் நகரைத் தாண்டமுன்னமே காரை ஒரு டோனட் கடையடியில் நிறுத்தினார்.

"உமக்குத் தெரியுமோ?"

"தெரியும். முதல் கோடையில புழுதிக்காத்து அடிச்சுத் தகடெல்லாம் மூடிப்போச்சு. வந்ததெல்லாம் வெக்கைக் காத்து. குறைமாதப் பிள்ளையள் மூச்சுக்கு இழுத்ததுகள். நான்தான் ஓடிப்போய்ப் பழசைப் போடச் சொன்னனான்."

"பிறகு?"

"பிறகு நிப்பாட்டேல்லை. நீங்கள் தலைநகரத்திலயிருந்து பாக்க வாற நாளில மட்டும்..."

"சொல்லும்."

"விடியவே வார்டைக் குளிரவைச்சிட்டு, நீங்கள் வரமுன்னம் நிப்பாட்டிப்போடுவம்."

ஒவ்வொரு முறையும் வார்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றவர் அவர்.

"ஏன் சொல்லேல்லை?"

"பெரிய டொக்டர் வாய் திறக்கக்கூடாதெண்டார். பிறகு எங்கட கல்யாணம். அந்தக் கதையைச் சொல்லேக்க உங்கட முகத்தைப் பாக்க, எனக்கு வாய் வரேல்லை."

"கழுவியிருப்பனே!" அவர் கத்தினார். "சொல்லியிருந்தால் தகட்டைக் கழுவ ரெண்டு ஆளை வைச்சிருப்பன். அவ்வளவுதானே வேலை!"

கோப்பிக் கப்போடு போன ஒரு வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள். கார் கண்ணாடியில் மூச்சுப் படிந்தது.

"அந்தப் பிள்ளையள்?"

"ஒண்டுக்கும் ஒண்டும் நடக்கேல்லை."

அவர் ஸ்ரேறிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பேபி இறங்கிச் சுற்றி வந்து அவர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"அங்கால இருங்கோ. நான் ஓட்டுறன்."