சட்டைக் காலரில் ஒரு பெயர்

ஏரிக்கரைக்குத் தையல் எடுத்துப் போவதென்றால் சில விஷயங்களில் நான் கறார். மெஷின் கிடையாது, எல்லாம் கைத்தையல்தான். வெள்ளைத் துணி கூடாது. விறகுப் புகையும் பைன் மரப் பிசினும் ஒரே நாளில் அதைப் பாழாக்கிவிடும். வெட்டுகிற வேலையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். காற்றடிக்கும் மேசையில் துணி வெட்டப் பார்த்து, பாதித் துண்டுகளை ஏரிக்குத் தாரை வார்த்தவள் நான்.

நாற்பத்தோரு வருஷமாக நானும் என் கணவர் ஹார்லனும் செப்டம்பரில், பள்ளிக்கூடம் திறந்து கூட்டம் வடிந்த பிறகு, மினசோட்டாவின் வடக்கே அதே ஏரிக்குப் போகிறோம். முதலில் கூடாரம். என் முழங்கால் மறுத்த பிறகு, வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லர் வீடு. எந்த வருஷமானாலும் என் மடியில் இருப்பது ஆறு மூலைத் துண்டுகள்தான். தேனடை அறை அளவுக்குத் தாளை வெட்டி, அதன்மேல் துணியை மடித்துத் தைத்து, ஒன்றோடு ஒன்று விளிம்பு சேர்த்துக்கொண்டே போனால் ஒரு நாள் போர்வை ஆகும். அவசரமில்லாத வேலை. எப்போதும் அதேதான் என்பதால் நான் என்ன தைக்கிறேன் என்று ஹார்லன் ஒருபோதும் கேட்டதில்லை.

இந்த வருஷம் அதை நம்பித்தான் போனேன். தையல் டப்பாவில் ஆறு மூலைத் துண்டுகளுக்கு அடியில் ஒரு நாடாச் சுருள் இருந்தது. அதில் நீல நூலால், திரும்பத் திரும்ப, ‘ஹார்லன் ப்ரெக்கி’ என்று நெய்திருந்தது.

முதியோர் இல்லத்தில் கொடுத்த பட்டியலில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். சட்டை, கால்சட்டை, பனியன், சாக்ஸ் உட்பட எல்லாவற்றிலும் பெயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் சலவையில் கலந்துவிடும். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினாலே போதும் என்றும் போட்டிருந்தார்கள். ஐம்பது வருஷம் போர்வை தைத்தவளுக்கு ஒட்ட மனம் வருமா? வீட்டில் வைத்துத் தைக்கவும் முடியவில்லை. வீட்டில் அவர் அறைக்கு அறை என் பின்னாலேயே வருவார். ஏரிக்கரையில் விறகும் தண்ணீரும் இருந்தால் போதும், மணிக்கணக்கில் என்னை மறந்திருப்பார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவரை அங்கே கொண்டுபோய் விட வேண்டும். அது அவருக்குத் தெரியாது.

“அம்மா, தயவுசெஞ்சு சொல்லிடாதே” என்று கிளம்பும் முன் ஜனெல் போனில் சொன்னாள். அவள் எங்கள் ஒரே மகள். “டாக்டரைப் பார்க்கப் போறோம்னு சொல்லு. எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க.”

“நான் வாக்குக் குடுத்திருக்கேன்டி.”

“அவருக்கே ஞாபகம் இல்லாத வாக்கு அது.”

“எனக்கு ஞாபகம் இருக்கே.”

இரண்டு வருஷத்துக்கு முன், அவருடைய மறதி நோயின் பெயரை டாக்டர் முதன்முதலாகச் சொன்ன அன்று, வண்டி நிறுத்துமிடத்தில் ஹார்லன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டு வாங்கிய வாக்கு அது. அவருடைய அம்மாவை இல்லத்தில் சேர்த்தபோது, ஐஸ்கிரீம் சாப்பிடப் போகலாம் என்று சொல்லித்தான் அவரும் அவர் தம்பியும் வண்டியில் ஏற்றினார்கள். அந்த அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது ஐஸ்கிரீம் கடை வரும் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். “என்னை அப்படி ஏத்தாதே, மார்லிஸ். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு ஏத்து” என்றார் ஹார்லன். சரி என்றேன்.

சனிக்கிழமை மதியம் இருபத்தெட்டு லேபிள் முடித்திருந்தேன். எனக்குக் கண்புரை. ஊசியில் நூல் கோப்பது எப்போதும் ஹார்லன் வேலை. மின்கம்பம் ஏறி முப்பது வருஷம் கம்பி முறுக்கிய விரல்கள் அவருடையவை. மகள் பெயர் தடுமாறும், கிழமை தெரியாது, ஆனால் ஊசியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரே முறையில் நூல் உள்ளே போய்விடும். பத்து ஊசியையும் கோத்து, பஞ்சு உருண்டையில் வரிசையாகக் குத்தி என் பக்கம் தள்ளினார்.

“பத்து போதுமா கிழவி?”

“போதும் கிழவா.”

அந்தப் பத்து ஊசியாலும் அவர் பெயரைத்தான் தைத்தேன். அவர் நிமிரும்போதெல்லாம் ஆறு மூலைத் துண்டுகளை இழுத்து மேலே போட்டு மூடினேன்.

பக்கத்து இடத்தில் முகாமிட்டிருந்த டுவேன் நாயை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான். வருஷா வருஷம் வருகிறவன்தான்.

“என்ன மார்லிஸ், போன வருஷத்துப் போர்வையேதானா? ஜனெல் கல்யாணத்துக்குன்னு சொன்னீங்க, அவளுக்கே ரெண்டு புள்ளை ஆயிடுச்சு.”

“அவ கல்யாணத்துக்கு எங்க? எங்க கல்யாணத்துக்கு ஆரம்பிச்சது இது” என்றார் ஹார்லன். “இதுவரைக்கும் ரெண்டு பேரும் குளிர்லதான் படுத்திருக்கோம்.”

டுவேன் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே போனான். நானும் சிரித்தேன். இவ்வளவு நன்றாக இருக்கிற மனுஷனையா திங்கட்கிழமை கொண்டுபோய் விடப்போகிறேன்? அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சூப் வைக்க வேண்டும், விறகு ஈரமாக இருக்கிறது, மழை வரும் போல இருக்கிறது என்று ஏதேதோ காரணம் கண்டுபிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல குளிர். அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தது. ஆணியில் தொங்கிய சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் அதே சட்டைதான். பெரிய பாக்கெட் வேண்டும் என்று நானும் ஆண்கள் பக்கத்திலேயே எடுப்பேன். பொத்தான் பக்கம்கூட வித்தியாசம் இருக்காது. காபிக் கோப்பையை வாங்கிக்கொண்ட ஹார்லன் என் பின்னால் வந்து, மடங்கியிருந்த காலரைச் சரி செய்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

“உன் காலர்ல என் பேர் இருக்கு.”

நான் திரும்பவில்லை. முந்தின நாள் அவர் துணிகளோடு என் சட்டையையும் எடுத்து, பார்க்காமலேயே தைத்திருக்கிறேன்.

“எங்க அம்மா கவுன்ல இப்படித்தான் இருந்துச்சு” என்றார். “மார்க்கர்ல எழுதியிருந்தாங்க. துவைக்கத் துவைக்க மை ஊறிப் போச்சு.”

அதற்கு மேல் என்னால் திரும்பாமல் இருக்க முடியவில்லை. அவர் கண் தெளிவாக இருந்தது. ஆறு மாதமாக நான் பார்க்காத தெளிவு.

“என்னைக்கு?”

“நாளைக்கு. பத்து மணிக்கு.”

“நாளைக்கா? அப்ப எப்பச் சொல்றதா இருந்தே? கதவைச் சாத்தின அப்புறமா?”

“இன்னைக்குச் சொல்லத்தான் ஹார்லன்...”

“பொய் சொல்லாதே. நேத்து பூரா எதிர்ல உக்காந்து என் பேரைத் தைச்சிருக்கே. நான் ஊசி கோத்துக் குடுத்திருக்கேன்!” காபியை அப்படியே நெருப்பில் ஊற்றினார். சாம்பல் குப்பென்று கிளம்பியது. “பார்சல் கட்டி விலாசம் ஒட்டிட்டே. அவ்வளவுதானே? நாப்பத்தொம்பது வருஷம் கழிச்சு நான் ஒரு பார்சல்.”

“என்னால தூக்க முடியலப்பா. போன மாசம் குளியலறையில விழுந்தே, ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் தரையில கிடந்தோம்...”

“என்னைத் தொடாதே.”

ஏரியைப் பார்த்து நடந்தார். என் முழங்காலுக்கு அந்த வேகம் முடியாது. மரங்களுக்கு நடுவே அவர் சட்டை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. அந்தப் பக்கம் தண்ணீர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே, கையில் கிடைத்த கிளையை ஊன்றிப் போனேன்.

படகு இறக்கும் இடத்தில் டுவேனோடு நின்றிருந்தார்.

“மார்லிஸ், இங்க வாயேன்! இவன் புடிச்ச மீனைப் பாரு. இதைப் போய் மீனுங்கறான். எங்க வீட்டுத் தொட்டியில இதைவிடப் பெருசு இருந்துச்சு.” முகம் முழுக்கச் சிரிப்பு. பிறகு என் முகத்தைப் பார்த்தார். “ஏன், அழுதியா? யாரு என்ன சொன்னா?”

“புகை” என்றேன்.

டுவேன் என்னைப் பார்த்துவிட்டு, மீனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டான்.

ஜனெலைக் கூப்பிட்டேன். மேட்டில் ஏறி நின்றால்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். நடந்ததைச் சொன்னேன்.

“சொல்லிட்டே இல்ல? அப்ப முடிஞ்சுதும்மா. அவர் மறந்தது நல்லதுக்குன்னு வெச்சுக்கோ. இனிமே வாயைத் திறக்காதே.”

முடிந்ததா? சொன்னேன் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நாளைக்கு வண்டியில் உட்காரப்போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் அம்மா உட்கார்ந்த மாதிரியே உட்காருவார். சொல்லாமல் விட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே புரியவில்லை.

மதியம் வெயில் வந்தது. மேசையில் உட்கார்ந்து என் காலரிலிருந்த லேபிளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். போர்வைக்காரியின் தையல் லேசில் பிரியாது. பொடிப்பொடியாக, இரண்டிரண்டு முடிச்சு போட்டு வைத்திருந்தேன். பிளேடு நுனி நுழையவே இடமில்லை. ஹார்லன் எதிரே வந்து உட்கார்ந்தார். இந்த முறை நான் எதையும் மூடவில்லை.

நாடாச் சுருளை எடுத்து விரித்துப் படித்தார். தன் பெயரை ஐந்தாறு முறை படித்தார்.

“எங்கேயோ போறேனா?”

“ஆமா. நாளைக்கு. என்னால தனியா பாத்துக்க முடியல. அங்க நர்ஸு இருப்பாங்க. நான் தினம் வருவேன்.” குரல் உடையாமல் சொல்லி முடித்தேன்.

அவர் நாடாவைத் திரும்பச் சுருட்டினார். ஓரம் ஒழுங்காக வரும்வரை சுருட்டினார்.

“இதை எனக்கு முன்னாடியே சொல்லிட்டியா?”

“காலையில சொன்னேன்.”

“எப்படி எடுத்துக்கிட்டேன்?”

“நல்லாத்தான் எடுத்துக்கிட்டே. கொஞ்ச நேரம் பேசாம இருந்தே. அப்புறம் காபி குடிச்சே.”

“கத்தலையா?”

“இல்ல.”

“மார்லிஸ்.”

“கொஞ்சம் கத்தினே.”

“அப்படிச் சொல்லு.” அவர் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். மேசை மேல் கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். “என்ன சொல்லிக் கத்தினேன்?”

“ஞாபகம் இல்ல.”

“அது என் டயலாக்.”

ஏரியில் ஒரு நீர்ப்பறவை முங்கி, வேறெங்கோ எழுந்தது.

“அப்ப ரெண்டு தடவை சொல்லியாச்சு” என்றார். “போதும். மூணாவது தடவை கேட்டா சொல்லாதே.”

“நீதானே சொல்லணும்னு...”

“சொன்னேன். நீயும் சொல்லிட்டே. எனக்கு ஒவ்வொரு தடவையும் அது புதுசு. உனக்கும் அப்படித்தான் போல, மூஞ்சியைப் பாரு.” என் மடியைப் பார்த்தார். “இன்னும் எத்தனை பாக்கி?”

“சாக்ஸ் மட்டுந்தான். பன்னெண்டு ஜோடி.”

“ஊசியைக் குடு.”

தெரிந்தே கோத்துக் கொடுத்தார். நான் தைத்தேன். ஒவ்வொரு சாக்ஸையும் வாங்கி ஜோடி சேர்த்து மடித்தார். எட்டாவதோ ஒன்பதாவதோ ஜோடியில் கை நின்றது.

“யாருக்கு இதெல்லாம்?”

“உனக்கு.”

“ஓ” என்றார். அடுத்த சாக்ஸுக்குக் கையை நீட்டினார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே, டிரெய்லர் வாசலில் நிழலுக்கு விரித்திருந்த துணியை ஹார்லன் சுருட்டிக் கட்டினார். டிரெய்லரை வண்டியில் மாட்டினார். சங்கிலியைக் குறுக்காகப் போட்டு, என்னைப் பிரேக் மிதிக்கச் சொல்லி, பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். ஒரு தப்பு இல்லை. ஓட்டுகிற பக்கம் போய் நின்றவரை, இன்றைக்கு நான் ஓட்டுகிறேன் என்று சொல்லி மறுபக்கம் அனுப்பினேன். அவர் துணிப் பெட்டி பின்சீட்டில் இருந்தது. அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு பெல்ட்டை மாட்டினார்.

டுவேன் கையைத் தூக்கினான். ஹார்லனும் தூக்கினார். “அடுத்த வருஷமாவது மீனைப் புடிடா!”

முகாம் வாசலில் பாதை இரண்டாகப் பிரிகிறது. அங்கே வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு வண்டியும் வரவில்லை. ஆனாலும் என் கால் பிரேக்கிலேயே இருந்தது.

“எங்க போறோம்?” என்றார் ஹார்லன்.

கேட்காமல் இருந்திருக்கலாம். இரவு முழுவதும் ஆண்டவனிடம் நான் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். சொல்லாதே என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் அப்படிச் சொன்னவர் நேற்று மதியத்தோடு போய்விட்டார். கேட்கிறவர் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவருக்கு நான் எதுவும் சொல்லவில்லை.

“தெற்கே” என்றேன். “ஜனெல் நமக்காகக் காத்துக்கிட்டிருப்பா.”

ஜனெல் அந்த இல்லத்து வாசலில்தான் நிற்பாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

“சரி” என்றார். “மெதுவாப் போ. பின்னாடி தட்டெல்லாம் உடையும்.”

மெதுவாகத்தான் போனேன். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் எங்களைத் தாண்டிப் போயின.