பத்தரை மணி அளவீடு

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தின் படிவம் அது. ‘தேர்வுக்குழு உறுப்பினரின் குறிப்பு’ என்ற தலைப்புக்குக் கீழே ஆறு கோடுகள். ஆறு வரியில் ஓர் உண்மையை எழுதினால் போதும். வரவில்லை. அதற்குப் பதிலாகப் பதினோரு பக்கம் கதை வந்தது. அடித்துத் திருத்தியதில் மிச்சம் இவ்வளவு. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதில் நான் கெட்டிக்காரன் என்று என் மனைவி சொல்வாள். இதோ ஆதாரம்.

முதல் வாக்கியத்துக்கு மூன்று முயற்சிகள்:

ஆறு அன்று அமைதியாக ஓடிக்கொண்டி—

(பொய். முந்தின நாள் நல்ல மழை. பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காத இரைச்சல். அந்த இரைச்சல் பின்னால் எனக்கு ரொம்ப உதவியது. அதை மறக்க எனக்கு நியாயமில்லை.)

அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. துணிச்சல்கா—

(வேண்டாம். துணிச்சல்காரி என்று சொன்னால், நடந்ததற்கு அவளுடைய துணிச்சல்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வீர்கள். அப்படி நினைக்கவைப்பதில் எனக்குப் பதினான்கு வருடப் பழக்கம்.)

நான் ஒரு பொய் சொன்னேன்.

இது சரியான வாக்கியம். ஆனால் இதோடு கதை முடிந்துவிடுகிறது. அதனால் இதை நடுவில் எங்காவது வைத்துக்கொள்கிறேன்.

2

நானும் அவளும் படித்தது சுற்றுச்சூழல் அறிவியலும் திறந்தவெளிக் கல்வியும் சேர்ந்த நான்காண்டுப் பட்டம். விளக்காவிட்டால் புரியாது. விளக்கியும் எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. “ஊர் சுத்துறதுக்கு ஒரு டிகிரியா?” என்று மாமா கேட்டார். அம்மா கொஞ்சம் கனிவாக, “படிச்சு முடிச்சா நாற்காலியில உக்காந்து பாக்குற வேலை கிடைக்குமாடா?” என்றாள்.

அறிவியல் பாதி, ஓர் ஆற்றை அளக்கச் சொல்லித்தரும். தண்ணீரின் வெப்பம், அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன், கல்லைப் புரட்டினால் ஒட்டியிருக்கும் பூச்சிகள். திறந்தவெளிப் பாதி, அதே ஆற்றுக்கு ஆட்களைக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கூட்டிவரச் சொல்லித்தரும். கயிறு, வரைபடம், முதலுதவி, களைத்தவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது. ஒரு பக்கத்து ஆசிரியர்களுக்கு ஓர் எண் விட்டுப்போனால் உயிர் போய்விடும். மறுபக்கத்து ஆசிரியர்களுக்கு ஓர் ஆள். நடுவில் நாங்கள், ஒரே ஜோடி ஈரச் செருப்போடு.*

* துறைக் கட்டடத்தில் தாழ்வாரத்துக்கு இடப்பக்கம் நுண்ணோக்கிகள் இருக்கும் அறை. வலப்பக்கம் கயிறுகளும் மிதவைச் சட்டைகளும் காயும் அறை. இப்போது நான் இங்கேதான் விரிவுரையாளர். வலப்பக்க அறையின் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஈரக் கூடாரத்துணி நாறுகிறது. கதைக்கு இது தேவையில்லை. ஆனால் பூசி மெழுகாமல் சொன்ன ஒரு விஷயமாவது இருக்கட்டும்.

3

அவளை ‘மீட்டர்’ என்று கூப்பிடுவோம். ஆக்ஸிஜன் மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே சாப்பிடுவாள், தூங்குவாள்.

முதல் வரைவில் அவளை மிகவும் சாதுவாக எழுதியிருந்தேன். பாதிக்கப்பட்டவர்கள் சாதுவாக இருந்தால் எழுதுகிறவனுக்கு வசதி. உண்மையில் அவளுக்கு வாய் அதிகம். மற்றவர்கள் எடுத்த அளவுகளைச் சரிபார்த்துவிட்டு, “கண்ணைத் திறந்துகிட்டுத்தானே எடுத்தே?” என்று கேட்பாள். ஆனால் நடக்கும்போது எப்போதும் கடைசியில் வருகிறவரோடுதான் நடப்பாள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. பள்ளிப் பிள்ளைகளை ஆற்றில் இறக்கி, கல்லைப் புரட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்கு இரண்டு பாதியும் வேண்டும். அறிவியல் மட்டும் தெரிந்தவரை நம்பி யாரும் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். களத் தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள்.

4

மூன்றாம் ஆண்டு. ஆற்றோரமாக நான்கு நாள் நடை. பன்னிரண்டு மாணவர்கள். தினம் ஒருவர் பொறுப்பாளர். ஆசிரியர் அடுத்த முகாமில் காத்திருப்பார். இரண்டாம் நாள் பொறுப்பாளர் நான்.

ஒரு விதி உண்டு. குழுவை விட்டு யார் எங்கே போவதானாலும் மூன்று பேராகப் போக வேண்டும். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருப்பார், ஒருவர் ஓடிவந்து சொல்வார். முதல் ஆண்டு முதல் வாரத்தில் கற்றுத்தருவது.

இன்னொரு விதியும் உண்டு. ஒன்றரை மணிக்கு ஒரு முறை, குறித்த இடத்தில் ஆற்றை அளக்க வேண்டும். ஏழரை, ஒன்பது, பத்தரை. அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் மொத்த ஆய்வும் நொண்டும்.

அன்று நான் குழுவை விரட்டிக்கொண்டு போனேன். நேரத்துக்கு முன்பே முகாமுக்குப் போய் நல்ல பெயர் வாங்க வேண்டும். அந்த அவசரத்தில் பத்தரை மணி இடத்தைத் தாண்டி வந்துவிட்டோம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டிருந்தார்கள்; ஆற்றின் இரைச்சலில் நாங்கள் பேசியது அவர்களுக்குக் கேட்காது. மீட்டர்தான் பின்னாலிருந்து வந்து சொன்னாள்.

“டேய், பத்தரை விட்டுப்போச்சு.”

“ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடு. பத்து நிமிஷம்.”

“மூணு பேரு போகணும்ல?”

“இப்ப ரெண்டு பேரைத் திரும்பக் கூப்பிட்டா எல்லாரும் உக்காந்துடுவாங்க. நீ போ. நான் பாத்துக்குறேன்.”

[இங்கே ‘அவள் தயங்கினாள்’ என்று எழுதி அடித்தேன். தயங்கினாளா என்று தெரியாது. நான் திரும்பி நடந்துவிட்டேன்.]

முகாமை நெருங்கும்போதுதான் அவள் திரும்பவில்லை என்று கவனித்தேன். அவளைக் கண்டுபிடிக்க இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. பாசிப் பாறையில் வழுக்கி, கணுக்கால் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கி முறிந்திருந்தது. இடுப்பளவு குளிர்ந்த நீரில் நின்றுகொண்டு விசிலை ஊதிக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. உதடு நீலமாக இருந்தது. கையிலிருந்த நோட்டில் அளவு எழுதியிருந்தாள். நேரம் 10.41 என்று நேர்மையாகக் குறித்திருந்தாள்.

அட்டவணையில் அதை நான் 10.30 என்று ஏற்றினேன். அந்த ஆய்வுக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண்.

5

ஆம்புலன்ஸ் போனதும் ஆசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனிதர்.

“அவ உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாளா?”

“இல்ல சார்.”

நடுவில் வைத்துக்கொள்கிறேன் என்றேனே, அந்த வாக்கியம் இங்கே வரவேண்டும். நான் ஒரு பொய் சொன்னேன். இரண்டே சொல். உண்மையைச் சொல்லியிருந்தால் என் களத் தகுதி அன்றோடு போயிருக்கும். அவளுக்குக் கால் போனது, எனக்குப் படிப்பும் போக வேண்டுமா என்று அந்த நொடியில் கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் வந்தது. அதுதான் கேவலம்.

‘பொறுப்பாளரிடம் சொல்லாமல் குழுவை விட்டுப் பிரிந்தார்’ என்று அறிக்கையில் ஏறியது. கீழே என் கையெழுத்து. அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே திறந்தவெளிப் பாதியிலிருந்து அவளை நீக்கினார்கள். அறிவியலை மட்டும் முடித்தாள். இன்று ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆறுகள் அவளிடம் புட்டியில் வருகின்றன, மேலே சீட்டு ஒட்டி. அவள் பார்த்தறியாத ஆறுகள்.

6

அவள் ஏன் எதிர்த்துப் பேசவில்லை? இந்தக் கேள்வியைத் தாண்ட முடியாமல் கதை ஒரு வாரம் நின்றது. காரணங்களை எழுதிப் பார்த்தேன்.

காரணம் ஒன்று: என் குடும்ப நிலைமை தெரிந்து விட்டுக்கொடுத்தாள். (இதில் அவள் தெய்வமாகிவிடுகிறாள். தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்பது சுலபம்.)

காரணம் இரண்டு: விதி தெரிந்தும் போனதால் தன் மேலும் தப்பு என்று நினைத்தாள். (இது எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது.)

காரணம் மூன்று: அவளுக்கு என் மேல் ஒரு—

(சீ.)

மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே படித்தாள். பால் பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை என்று கொஞ்சம் பெருமைப்பட்டேன். முடித்துவிட்டு, “எதுக்கு இப்படி ரூம் போட்டு யோசிக்கிறீங்க? அந்தப் பொண்ணுகிட்டயே கேக்க வேண்டியதுதானே?” என்றாள்.

“பதினாலு வருஷம் கழிச்சா?”

“பதினாலு வருஷமா கேக்கலையா?” என்று அவள் திரும்பக் கேட்டாள். அதற்குப் பிறகு அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள்.

7

நானாகப் போய்க் கேட்கவில்லை. அவள்தான் கூப்பிட்டாள்.

பாதியில் விட்டவர்கள் திரும்ப வந்து களத் தகுதியை முடிக்கலாம் என்று இந்த வருடம் பல்கலைக்கழகம் ஒரு வழி திறந்திருக்கிறது. அவள் விண்ணப்பித்திருந்தாள். ஒரு பள்ளிக்கூடம் அவளை வேலைக்கு எடுக்கத் தயார், சான்றிதழ் இருந்தால். தேர்வுக்குழுவில் நான்கு பேர், அதில் ஒருவன் நான். கூட்டம் வியாழக்கிழமை. அதற்குத்தான் அந்த ஆறு கோடுகள்.

விண்ணப்பத்தோடு அவள் எழுதிய ஒரு பக்கம் இருந்தது. ‘அன்று நான் பொறுப்பாளரிடம் சொல்லாமல் சென்றேன். அந்தத் தவறை உணர்ந்திருக்கிறேன்.’ அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே போன் வந்தது. பதினொரு மணி வெயில் மேசையில் விழுந்துகொண்டிருந்தது.

“என்னடா, சார் ஆயிட்டியாமே. என் பேப்பரைப் படிச்சியா?”

“நீ பண்ணாத தப்பை ஏன் எழுதியிருக்கே?”

“படிவத்துல அப்படித்தான் கேட்டிருக்கு. தப்பை ஒத்துக்கிட்டு ஒரு பக்கம் எழுதணுமாம். பண்ணினவன் ஒத்துக்கல. யாராவது ஒருத்தர் ஒத்துக்கணும்ல?”

கதைக்காகக் கேட்கிறேனா எனக்காகக் கேட்கிறேனா என்று தெரியாமலே கேட்டேன்: “அப்ப ஏன் நீ ஒண்ணுமே சொல்லல?”

“யாரு சொல்லல? ஆஸ்பத்திரியில இருந்து உனக்கு மூணு தடவை போன் பண்ணினேன். ‘நீயே போய் சார்கிட்ட சொல்லிடு, நான் போட்டுக்கொடுத்த மாதிரி இருக்க வேணாம்’னு சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ எடுக்கல. நாலாவது நாள் நீக்கின லெட்டர் வந்துருச்சு. அதுக்கப்புறம் நான் என்ன சொன்னாலும் தப்பிக்கச் சொல்ற மாதிரிதானே இருக்கும்?”

மூன்று அழைப்புகள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் சொன்ன பிறகு வந்த ஞாபகம் அல்ல, எப்போதும் இருந்தது. ஆறாம் பகுதியில் மூன்று காரணங்களைத் தேடியபோதும் இருந்தது. அந்தப் பகுதியைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். நான் எப்படிப்பட்டவன் என்று தெரியட்டும் என்றுதான் விட்டுவைத்தேன்.

“வியாழக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன்” என்றேன்.

“தயவுசெஞ்சு வாயைத் திறக்காதே. நீ இப்ப உண்மையைச் சொன்னா என் பேப்பர் பொய்யாயிடும். பொய் எழுதிக் கொடுத்தவளைச் சேத்துக்குவாங்களா? எனக்கு அந்தச் சான்றிதழ் வேணும்டா. நியாயம் அப்புறம் பாத்துக்கலாம். வியாழக்கிழமைக்கு அப்புறம் உன் இஷ்டம்.”

8

முடிவுகள்.

முடிவு அ: கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். மனது லேசாகிறது. அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

முடிவு ஆ: சொல்லவில்லை. ஆறு கோட்டில் ‘பரிந்துரைக்கிறேன்’ என்று மட்டும் எழுதுகிறேன். அவளுக்கு இடம் கிடைக்கிறது.

நடந்தது ஆ. முதலில் உயர்ந்த கை என்னுடையது. அவள் கேட்டுக்கொண்டதால்தான் பேசாமல் இருந்தேன் என்று உங்களிடம் சொல்லலாம். பேசாமல் இருக்கச் சொன்னதும் எனக்கு வந்த நிம்மதியையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுதாகும்.

கதை இங்கே முடிந்திருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் உங்களிடம் இதுவரை மறைத்த ஒன்று இருக்கிறது. முதலாண்டு மாணவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பில் மூன்று பேர் விதியை நடத்துவது நான்தான். ஒன்பது வருடமாக. ஒவ்வொரு வருடமும் ஓர் உதாரணம் சொல்வேன். ‘முன்னாடி இங்க ஒரு மாணவி இருந்தாங்க. யார்கிட்டயும் சொல்லாம, ஒரு அளவை எடுக்கத் தனியாப் போனாங்க.’ வகுப்பு அப்படியே அடங்கிப்போகும். நான் நன்றாகக் கதை சொல்வேன் என்று மாணவர்கள் கருத்துப் படிவத்தில் எழுதுவார்கள்.

திரும்பச் சேர்பவர்கள் பாதுகாப்பு வகுப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெயர்ப்பட்டியல் நேற்று வந்தது. கடைசிப் பெயர் அவளுடையது. வகுப்பு திங்கட்கிழமை.

வாசகரே, வழக்கப்படி முடிவை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். கொடுக்கப்போவதில்லை. நான் செய்ய வேண்டியதைச் செய்ய எனக்காக ஒருத்தியை அனுப்பியதால்தானே இத்தனையும் வந்தது. உங்களையும் அனுப்ப மாட்டேன்.

இது மட்டும் தெரியும். அவள் வகுப்புக்குச் சீக்கிரமே வந்துவிடுவாள். கணுக்கால் மடங்காததால் முதல் வரிசையில்தான் உட்காருவாள். காலை நீட்டிக்கொள்ள அங்கேதான் இடம் இருக்கிறது. நான் கதவைச் சாத்திவிட்டு, பலகைப் பக்கம் போய், இருபது பேரையும் அவளையும் பார்த்து, ‘முன்னாடி இங்க ஒரு மா—